ஓலையைத் தேடி வந்த ஆள்

எங்க வீட்டுக்காரரு ஜேசுராஜ், மிஷன் பள்ளிக்கூடத்துல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவரு. ரிட்டயர் ஆனவங்க வாக்கிங் போவாங்க, இல்ல வீட்ல ஒக்காந்துக்கிட்டு பொண்டாட்டிய நொட்டை சொல்லுவாங்க. இவரு ரெண்டையும் செய்யாம ஒரு வெப்சைட் ஆரம்பிச்சாரு. சமயநல்லூர்ப் பக்கம் எங்க பங்குக் கோவில் சேதியெல்லாம் அதுலதான் போடுவாரு. திருவிழா போட்டோ, யாரு செத்தா, எந்தப் புள்ளைக்குப் புதுநன்மைச் சடங்கு, ஞாயித்துக்கெழமை பூசையில சாமியாரு வாசிச்ச அறிக்கை, எல்லாம் வரும். துபாய்லயும் கத்தார்லயும் கெடக்குற நம்ம புள்ளைக பாக்கட்டும்பாரு.

பாக்குறாங்களா இல்லையான்னு பாக்குறதுதான் அவருக்கு முக்கிய சோலி. காலையில காப்பி டம்ளரோட கம்ப்யூட்டர் முன்னால ஒக்காந்துருவாரு. நேத்து எம்புட்டுப் பேரு வந்தாங்க, எந்தப் பக்கத்தப் பாத்தாங்கன்னு அது காட்டும். மேல தேடுறதுக்கு ஒரு கட்டம் வச்சிருந்தாரு. அதுல யாரு என்ன எழுதித் தேடுனாலும் அப்படியே இவருக்கு வந்து விழும். "பிலோமி, மஸ்கட்லருந்து ஒருத்தன் தேர்பவனி போட்டோ தேடிருக்கான்"னு கூப்புடுவாரு. மஸ்கட்காரன் பாத்தா நமக்கென்ன சோறா போடப்போறான்னு நான் கேப்பேன். சிரிச்சுக்கிட்டே அடுத்த வரிக்குப் போயிருவாரு. கெட்ட மனுசன் இல்ல. வழக்கம்னு ஒண்ணு இருந்தா அதை வரி பிசகாமச் செய்யணும்னு நெனைக்கிற மனுசன். வம்பு அங்கதான் வந்துச்சு.

எங்க தெரு ஆன்றோ ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாத்தான். கூட வேலை பாத்த பாண்டிச்செல்விய விரும்புனான். டி. கல்லுப்பட்டிக்கு அங்கிட்டு ஒரு ஊரு அவளுக்கு. விசயம் தெரிஞ்சதும் அண்ணங்காரன் முத்துக்குமரன் லேப்புக்கே வந்து, "இந்தக் கல்யாணம் நடந்தா ரெண்டு பேரும் உசுரோட இருக்க மாட்டீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். கத்தல, மெதுவாத்தான் சொன்னானாம். அன்னைக்கே அந்தப் புள்ள வீட்டவிட்டு வந்துருச்சு. கன்னியாஸ்திரிங்க ஆஸ்டல்ல பத்திரமா வச்சிருந்தோம். ஞானஸ்நானம் வாங்கி ஜாய்ஸ்னு பேரும் வச்சாச்சு.

எங்க வழக்கத்துல கல்யாணத்துக்கு முந்தி மூணு ஞாயிறு பூசையில ஓலை வாசிக்கணும். இன்னாரு மகனுக்கும் இன்ன ஊரு இன்னாரு மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிஞ்சவங்க சாமியார்கிட்ட வந்து சொல்லுங்கன்னு. கோவிலுக்குள்ள இருக்கிறது பூராம் நம்மாளுக, அந்த ஊருக்காரன் எவன் இங்க பூசைக்கு வரப்போறான்னு சாமியாரும் தைரியமா மொத ஓலைய வாசிச்சாரு. இவரு வீட்டுக்கு வந்து சட்டையக் கூடக் கழட்டாம, அறிக்கையோட ஓலையையும் தட்டி ஏத்திட்டாரு. புள்ளையோட பழைய பேரு, அப்பன் பேரு சோலை, ஆத்தா பேரு ராக்கம்மாள், சொந்த ஊரு, கல்யாணத் தேதி, கோவில் பேரு, ஒண்ணு விடல.

நாலஞ்சு நாள் கழிச்சு காப்பி அப்படியே ஆறிக்கெடந்துச்சு. என்னன்னு போயிப் பாத்தேன். கட்டத்துல யாரோ 'பாண்டிச்செல்வி'ன்னு தேடிருக்காங்க. அதுக்குக் கீழ 'சோலை மகள் பாண்டிச்செல்வி'. எங்கருந்துன்னு பாத்தா மதுரைன்னு மட்டும் காட்டுது. மதுரைன்னா அதுல நாங்களும் அடக்கம், அந்த ஊரும் அடக்கம்.

"ஒங்களுக்கு மூளை இருக்கா? அந்தப் புள்ளைய ஒளிச்சு வச்சிக்கிட்டு, பேரையும் ஊரையும் ஒலகத்துக்கே தமுக்கடிச்சிருக்கீங்களே"ன்னு கேட்டேன்.

"ஓலைன்னா நாலு பேருக்குத் தெரியணும்ல பிலோமி"ன்னாரு. சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவரு மொகமே செத்துப்போச்சு. வேலியில போற ஓணான மடியில எடுத்து விட்டுக்கிட்டோம்னு அவருக்கே வெளங்கிருச்சு. ஓலைய அழிச்சாரு. அழிச்சு என்ன செய்ய, பாத்தவன் பாத்துட்டான். மறுநாளு 'கோவில் எங்க இருக்கு'ன்னு வந்து விழுந்துச்சு. அதுக்கு மறுநாளு 'கல்யாணம் எத்தன மணிக்கு'. பெறகு 'புள்ள எங்க இருக்கு'. தேடுறது யாருன்னு எங்களுக்குச் சந்தேகமே இல்ல.

சாமியார்கிட்ட ஓடுனோம். அவரு மிச்ச ரெண்டு ஓலையும் வாசிக்க வேணாம்னு பிஷப்புகிட்ட விலக்கு வாங்கி, தேதிய முன்னுக்குத் தள்ளி, கன்னியர் மடத்துச் சின்னக் கோவில்ல வச்சே தாலி கட்ட வச்சாரு. மேளம் இல்ல, விருந்து இல்ல. அன்னைக்கே ரெண்டு பேரையும் இவரோட சிநேகிதரு வெள்ளைத்துரை வீட்டுக்கு அனுப்பிட்டோம். எந்த ஊருன்னு எங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும். ஆன்றோ அம்மாகிட்டகூடச் சொல்லல.

பழைய தேதி வந்துச்சு. அன்னைக்கு இவரு சட்டையப் போட்டுக்கிட்டுக் கோவிலுக்குக் கெளம்புனாரு. "வர்றவன் யாருன்னு கண்ணால பாத்துட்டா நல்லது. ஏமாந்து திரும்பிப் போயிருவான்"ன்னாரு. ஒங்கள ஒத்தையில விட்டா ஒரு பொய்கூட ஒழுங்காச் சொல்ல மாட்டீங்கன்னு நானும் பின்னாடியே போனேன்.

கோவில்ல ஒரு ஆளு இல்ல. பத்து மணிக்கு மேல ஒரு பொம்பள உள்ள வந்துச்சு. வெயில்ல கறுத்த மொகம், கசங்காத புதுச்சேலை, கையில ஒரு துணிப்பை. பெஞ்சுகளப் பாத்துட்டு எங்கள்ட்ட வந்து, "கல்யாணம் முடிஞ்சுருச்சா தாயி?"ன்னு கேட்டுச்சு.

அதுதான் ராக்கம்மாள், பாண்டிச்செல்வியப் பெத்தவ.

"நூறுநாள் வேலைக்கு வார முருகம்மாள் வச்சிருக்க போன்ல பேசுனா அது எழுதிக்கிருமாம். எம் மக பேரச் சொன்னதும் ஒங்க கோவில் ஓலை வந்துச்சு. அதுக்கு மேல இருந்த கட்டத்துலதேன் கேட்டுக் கேட்டுப் பாத்தேன். பதிலே வரல"ன்னுச்சு. பையத் தொறந்து காட்டுச்சு. ஒரு சேலை, கண்ணாடி வளையல், ரெண்டு சீப்பு வாழைப்பழம். இம்புட்டு நாளா இந்தப் பொம்பளைக்குப் பயந்தா செத்துக்கிட்டு இருந்தோம்னு நெனைச்சேன்.

"தனியாவா வந்தீங்க?"ன்னு இவரு கேட்டாரு.

"எம் மகந்தேன் வண்டியில கூட்டியாந்தான்யா. அவனுக்குக் கோவமெல்லாம் போயிருச்சு. போயிப் பாத்துட்டு வா ஆத்தான்னு அவனே சொன்னான்."

நான் இவரு கையப் புடிச்சு அழுத்துனேன்.

"கல்யாணம் இங்க நடக்கலம்மா. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னாரு. அம்மட்டுக்கும் நல்லாத்தான் சொன்னாரு.

அந்தம்மா தரையிலேயே ஒக்காந்துருச்சு. அழுகல. "எங்கிட்டு இருக்கான்னு சொல்ல வேணாம் சாமி. நல்லாருக்காளா? அத மட்டும் சொல்லுங்க, போயிர்றேன்"ன்னுச்சு. நான் மறுபடியும் கைய அழுத்துறேன், மனுசன் கண்ணு கலங்கி நிக்கிறாரு. பெத்தவ கேட்டா யாருதான் தாங்குவா? என்னாலயும் தாங்க முடியல, ஆனா நான் வாயத் தொறக்கல.

"நல்லாருக்காம்மா. நேத்துக்கூடப் பேசுனேன்"ன்னு சொல்லிட்டாரு.

"அப்ப ஒங்களுக்குத் தெரியும், சார்."

வாசல்ல முத்துக்குமரன் நின்னுக்கிட்டிருந்தான். செருப்ப வெளிய கழட்டிட்டு, ஹெல்மெட்டக் கையில வச்சுக்கிட்டு, சாமி கும்புட வந்தவன் கணக்கா நிக்கிறான். எம்புட்டு நேரமா நின்னான்னு தெரியல. "ஆத்தா, நீ போயி வண்டிகிட்ட நில்லு"ன்னான்.

ராக்கம்மாள் மகன் மொகத்தையே பாத்துச்சு. "டேய், பாத்துட்டு வந்துரலாம்னுதானடா சொன்ன"ன்னு கேட்டுச்சு. அவன் வாசலக் கை காட்டுனான். அந்தம்மா மூஞ்சி வெளிறிப் போச்சு. பைய நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு, எங்கள ஒரு பார்வை பாத்துட்டுப் போச்சு. "சொல்லிராதீக"ன்னு வாயசைச்சுச்சு. சத்தம் வரல.

அவன் எங்களத் தொடல, வையல. "அவசரம் இல்ல சார். யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்கு வாரேன்"னுட்டுப் போயிட்டான்.

மறுநாளு வந்தான். அதுக்கு மறுநாளும் வந்தான். ரெண்டு மாசமா இதே கதைதான். எங்க வீட்டுக்கு எதுக்க டீக்கடையில வண்டிய நிறுத்திட்டு ஒக்காந்துருக்கான். ஸ்டேஷன்ல போயிச் சொன்னோம். அடிச்சானா, மெரட்டுனானான்னு கேட்டாங்க. டீ குடிக்கிறான் சார்னா சிரிக்கிறாங்க. ஆன்றோவ வேற ஊருக்குப் போகச் சொல்லலாம்னா, பாண்டிச்செல்வி இப்ப மாசமா இருக்கு, வாந்தி நிக்கலயாம். இவரு கம்ப்யூட்டர மூடி வச்சிட்டாரு. வெளிய போறதில்ல. "எனக்கு அந்த ஊரு பேரு மறந்து தொலைஞ்சா நிம்மதியா இருக்கும் பிலோமி"ன்னு சொல்றாரு. அடிச்சே கொன்னாலும் சொல்ல மாட்டாரு. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

நேத்து கீரை வாங்க வெளிய போனேன். அவன் டீ கிளாஸ வச்சிட்டு பக்கத்துல வந்து நின்னான். "அம்மா, சாருக்கு ஹார்ட்ல ஏற்கெனவே ஒரு தடவ பிரச்சனையாமே. தெருவுல சொன்னாங்க. ஒங்களுக்கும் வேற யாரும் இல்ல. பாத்துக்கங்கம்மா"ன்னான். கரிசனமாத்தான் சொன்னான். இவருக்கு மட்டுந்தான் எடம் தெரியும்னு அவன் நெனைச்சுக்கிட்டு இருக்கான்.

அந்த ஊரு பேரு என் நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டு, கீரைக்காரிகிட்ட மிச்சச் சில்லறையக்கூட வாங்காம வீட்டுக்குள்ள வந்து கதவச் சாத்திட்டேன். இன்னைக்கும் வந்துருக்கான்.