கோல்ஃப் பையோடு ஒரு கிரிவலம்

போன வருஷம் மாசி மாதம், திருவண்ணாமலையில் நடந்தது இது. பௌர்ணமி முடிந்து கொஞ்ச நாள் ஆகியிருந்ததால் கிரிவலப் பாதையில் கூட்டம் கம்மி. வெயில் ஏறுவதற்குள் மலையைச் சுற்றி முடித்துவிடலாம் என்று விடியற்காலையில் மூன்று பேர் கிளம்பினோம். என் வீட்டுக்காரர், என் அண்ணன், நான். வேண்டுதல் எதுவும் கிடையாது. அயர்லாந்துக்குப் போய் கோல்ஃப் ஆடுவதற்கு யாருக்குத் தெம்பு இருக்கிறது என்று சோதித்துப் பார்க்கத்தான் நடந்தோம். சிரிக்காதீர்கள், முழுக்கச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் ரொம்ப காலம் வேலை பார்த்தவர். அங்கே கம்பெனி மேனேஜர் தொற்ற வைத்த வியாதி கோல்ஃப். வளைகுடாவில் இருந்து எல்லோரும் தங்கம் கொண்டு வருவார்கள், இவர் ஒரு பை நிறைய மட்டைகளோடு வந்து இறங்கினார். எங்கள் ஊரில் கோல்ஃப் மைதானத்துக்கு எங்கே போவது? கீழ்பென்னாத்தூர் பக்கம் என் அண்ணனுக்குக் கடலைக் கொல்லை இருக்கிறது. கடலை பிடுங்கிய பிறகு நிலம் சும்மா கிடக்கும் நாட்களில் அங்கே போய் அடிப்பார்.

முதலில் வரப்பில் உட்கார்ந்து கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த அண்ணன், ஒரு நாள் மட்டையை வாங்கி ஒரு போடு போட்டார். பந்து பக்கத்துக் கொல்லையைத் தாண்டிப் போய் விழுந்தது. அன்றிலிருந்து அவருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. வீட்டுக்காரரின் பழைய மட்டைகளும் ஒரு பழைய பையும் அண்ணனுக்குப் போயின. காணாமல் போன பந்துகளை அடுத்த போகத்தில் களை எடுக்கும் பெண்கள் பொறுக்கி, முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுப்பார்கள்.

எங்கள் மகள் அயர்லாந்தில் வேலை பார்க்கிறாள். அந்த நாட்டு மேற்குக் கடற்கரையில் இருக்கும் கோல்ஃப் மைதானம் ஒன்றை வீடியோ எடுத்து அனுப்பினாள். ஒரு பக்கம் பச்சைப் பசேல் என்று புல், அந்தப் பக்கம் நேராகக் கீழே கடல். மாப்பிள்ளையும் மச்சானும் அதை டிவியில் போட்டு, நியூஸ் பார்க்கிற மாதிரி தினமும் பார்த்தார்கள். கடைசியில் போவது என்றே முடிவாகி, ஏற்பாடு என் தலையில் விழுந்தது.

எனக்கு அதில் ஒரு பயமும் இல்லை. ஆசிரமத்துப் பக்கம் எங்களுக்கு இருக்கும் மாடி அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவது நான்தான். ஏர்போர்ட்டுக்கு வண்டி, வெந்நீர், யாருக்குக் காரம் ஆகாது, யாருக்குக் கொசுவலை வேண்டும் என்று எல்லாம் பார்த்துப் பழகிய கை. அதையே திருப்பிப் போட்டால் போதும் என்று இறங்கினேன். எந்த மாதம் போவது என்பதை அண்ணனுடைய கடலைதான் முடிவு செய்தது. சித்திரையில் பிடுங்கிக் காய வைத்து மூட்டை கட்டிய பிறகுதான் அவரால் நகர முடியும். நல்லவேளை, அப்போது அங்கே மழை கம்மி, பகலும் நீளம் என்றாள் மகள். கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில் தங்கும் வீடு பார்த்தேன். ரசம் வைக்க அடுப்பு உண்டா என்று வீட்டுக்கார அம்மாவுக்கு எழுதிக் கேட்டேன். உண்டு என்றும், ரசம் என்றால் என்ன என்றும் பதில் வந்தது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது மகள் ஒரு விஷயம் சொன்னாள். அந்த மைதானங்கள் மணல் மேடுகளின் மேல் இருப்பவை. மைதானத்துக்குள் ஏறிப் போக வண்டி கிடையாது, டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் தருவார்கள். மற்றபடி மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கடல் காற்றில், மேடு பள்ளம் ஏறி இறங்கி அரை நாள் நடக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் சாப்பாடு முடிகிற நேரம். என் வீட்டுக்காரர் சமையலறைக்கு வந்து சொன்னார்:

"மச்சான் வேணாம். நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்காரு. தெரியாத ஊர்ல, அந்தக் காத்துல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நாம என்ன பண்றது? நாம மட்டும் போய்ட்டு வந்துடலாம்."

அண்ணன் பக்கத்து அறையில்தான் இருந்தார். அவர் காதில் விழுந்துவிட்டது. கை கழுவிவிட்டு வந்து, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னார்: "நீங்க போய்ட்டு வாங்க மாப்ள. எனக்கு பாஸ்போர்ட்டே இன்னும் வரல."

பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் திருடன் மாதிரி இருக்கிறேன் என்று என்னிடம் மட்டும் காட்டியிருந்தார். அதன் பிறகு அண்ணன் மட்டையைத் தொடவில்லை. போன் பண்ணினால் உரம், தண்ணி, மோட்டார் என்று மட்டும் பேசினார். எனக்கு மனசே ஆறவில்லை.

எங்கள் குடும்பத்தில் வழக்கு என்று வந்தால் தீர்ப்பு சொல்வது நான்தான். அண்ணனை அவருடைய இதய டாக்டரிடம் கூட்டிப்போனேன். எல்லாம் பார்த்துவிட்டு, நிதானமாக எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம் என்றார் அவர். வீட்டுக்காரருக்கு அது போதவில்லை. சரி, ரெண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு மலையைச் சுற்றுங்கள், சுற்றி முடிப்பவர் அயர்லாந்து வரட்டும் என்று சொல்லிவிட்டேன். டாக்டரிடம் நீங்களும் ஒரு தடவை காட்டிவிடலாமே என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். தினமும் கலெக்டர் ஆபீஸ் பக்கம் வாக்கிங் போகிறவன், சுகர் இல்லை, பிரஷர் இல்லை, எனக்கு எதுக்கு என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது, விட்டுவிட்டேன்.

அப்படித்தான் அந்தக் காலை ராஜகோபுரத்துக்கு எதிரே வந்து நின்றோம். வீட்டுக்காரர் தொப்பி, ஷூ, வெள்ளை பேன்ட். அண்ணன் மடித்துக் கட்டிய வேட்டி, வெறுங்கால். ஆளுக்கொரு கோல்ஃப் பை. அண்ணன் பையைக் கீழே வைத்துவிட்டுக் கற்பூரம் ஏற்றினார். இது சாமிக்கான நடை இல்லையே அண்ணா என்றேன். கிளம்புகிறபோது சாமியிடம் சொல்லிக்கொள்வதில் என்ன தப்பு என்றார்.

வழியெல்லாம் எங்களைத்தான் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு சாமியார் நிறுத்தி, "பைக்குள்ள என்ன, வேலா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் கோல்ஃப் என்றார். அவர் தெரிந்த மாதிரி தலையாட்டி, ரெண்டு பைக்கும் விபூதி பூசி அனுப்பினார். செங்கம் ரோட்டில் காபி குடித்துக்கொண்டிருந்த, எங்கள் மாடியில் தங்கியிருக்கும் ஜெர்மன்காரர் கப்பை வாயருகே வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் ஆரம்பத்திலிருந்தே முன்னால் போனார். எமலிங்கம், நிருதிலிங்கம் என்று ஒவ்வொன்றிலும் எங்களுக்காகக் காத்து நின்று, வாட்ச்சைப் பார்ப்பார். அண்ணன் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு லிங்கத்துக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒரே சீராக நடந்து வந்தார். ரெண்டு பேரும் தேறிவிட்டார்கள், டிக்கெட் போட்டுவிடலாம் என்று நான் மனசுக்குள் ஏற்பாட்டில் இருந்தேன்.

அடி அண்ணாமலை தாண்டியதும் வீட்டுக்காரர் பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினார். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் மாற்றினார். வார் அறுக்கிறது என்றார். பிறகு சாலையோரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சோடா கேட்டார். வெறும் வயிற்றில் நடந்தது, கேஸ் பிடித்துக்கொண்டது என்றார். நான் விடுவேனா, அயர்லாந்து வந்துடுச்சாங்க என்று கேட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பின்னால் வந்த அண்ணனும் ஏதோ கிண்டல் பண்ண வாயெடுத்தார். பக்கத்தில் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். உள்ளங்கையால் என் வீட்டுக்காரரின் நெற்றியைத் துடைத்துப் பார்த்தார். குளிர்ந்த காலையில் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"மாப்ள, தாடை இழுக்குதா?"

அவர் தலையாட்டினார்.

"இடது கை கனமா இருக்குதா?"

அதற்கும் தலையாட்டினார்.

அண்ணன் என் பக்கம் திரும்பி, குரலே உயராமல் சொன்னார்: "பாப்பா, இது கேஸ் இல்ல. எனக்கும் இப்படித்தான் வந்துச்சு. நான் அன்னிக்கு சோடா குடிச்சிட்டு சும்மா ஒக்காந்துட்டேன். இவரை ஒக்கார விடக் கூடாது, கெளம்பு."

எத்தனை பேருக்கு எத்தனை ஏற்பாடு செய்தவள் நான். அந்த நிமிஷம் ஆம்புலன்ஸ் நம்பர் கூட ஞாபகம் வரவில்லை. கையில் சோடா பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் தோளில் இருந்த பையைக் கழற்றிப் போட்டுவிட்டு நடுரோட்டில் போய் நின்றார். மட்டைகள் சரிந்து பந்துகள் தார் ரோட்டில் உருண்டன.

வந்தது ஒரு ஆட்டோ. ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம், நடக்க முடியாத வயசான அம்மாவுக்காக ஆட்டோவில் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோக்காரர் தயங்கினார். உள்ளே இருந்த பெரியவர் பெஞ்சை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், எதுவும் கேட்கவில்லை. அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி, குழந்தைகளையும் இறக்கிவிட்டார். "எக்கண்டி, எக்கண்டி" என்றார் எங்களைப் பார்த்து. ஏறச் சொல்கிறார் என்று தெரிய எனக்குத் தெலுங்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. நன்றி கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டோம்.

வழி முழுக்க அண்ணன் அவரைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு வந்தார். பேசாதீங்க மாப்ள, மூச்சு மட்டும் விடுங்க, நான் இருக்கேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார். என் வீட்டுக்காரர் அண்ணனின் வேட்டி நுனியைக் கொத்தாகப் பிடித்திருந்தார். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அந்தப் பிடியை நான்தான் பிரித்துவிட்டேன்.

உடனே ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் வேலூருக்கு அனுப்பினார்கள். முக்கியமான ரத்தக்குழாயில் அடைப்பு என்றார் அங்கே டாக்டர். சரியான நேரத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள், கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்காரர் சொன்னபடி நாங்கள் மட்டும் போயிருந்தால், இந்த வலி அந்தக் கடற்கரை மணல் மேட்டில், அந்தக் காற்றில் வந்திருக்கும். பக்கத்தில் ஆட்டோ இருந்திருக்காது, அண்ணனும் இருந்திருக்க மாட்டார். நான் கேஸ் என்று நினைத்து இன்னொரு சோடா வாங்கிக் கொடுத்திருப்பேன். அதை நினைத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதேன், நன்றாகவே அழுதேன்.

அவருக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். கண் விழித்து ஆள் தெளிந்ததும் அண்ணனைக் கூப்பிட்டார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று நாங்கள் இருவரும் குனிந்தோம்.

"பாஸ்போர்ட் வந்துடுச்சாமே மச்சான். அவ சொன்னா."

"வந்துச்சு மாப்ள. போட்டோதான் நல்லா இல்ல."

"இருக்கட்டும். நீங்க வரலன்னா நானும் போகல."

அண்ணன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். திரும்பி வர ரொம்ப நேரம் ஆனது.

பைகளை நாங்கள் மறந்தே போயிருந்தோம். அண்ணன்தான் பிறகு அந்த டீக்கடைக்குப் போனார். ரெண்டு பையும் பத்திரமாக உள்ளே இருந்தன. அந்த ஆந்திராக் குடும்பம் ரோட்டில் உருண்ட பந்துகளை எல்லாம் பொறுக்கிப் பையில் போட்டு ஒப்படைத்துவிட்டு, வேறு ஆட்டோ கிடைக்கும் வரை வெயிலில் நின்றிருந்தார்களாம். ஒரு பந்தை மட்டும் அவர்கள் குழந்தை கேட்டு அழுததால் கடைக்காரர் கொடுத்தனுப்பிவிட்டார். அந்தப் பெரியவரின் பெயர், ஊர் எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஆந்திராவில் ஏதோ ஒரு வீட்டில் எங்கள் பந்து உருண்டுகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு நிம்மதி.

மாதங்கள் போயின. மழைக்காலம் முடிந்த பிறகு, நீங்கள் தாராளமாகப் பயணம் போகலாம் என்று டாக்டர் சொன்னார். நான் டிக்கெட் பார்க்க உட்கார்ந்தேன். அண்ணன் தடுத்தார். பாதியில் விட்ட சுற்று அப்படியே கிடக்கிறது, அதை முடித்துவிட்டுத்தான் மற்றது என்றார். ஒரு காலையில் அதே டீக்கடைக்கு ஆட்டோவில் போய் இறங்கி, அங்கிருந்து நடந்தோம். இந்தத் தடவை பை இல்லை, வாட்ச் இல்லை. என் வீட்டுக்காரர் வேட்டி கட்டி, வெறுங்காலோடு அண்ணனுக்குப் பின்னால் நடந்தார். அண்ணன் எங்கே நின்றாரோ அங்கே நின்றார், எங்கே கும்பிட்டாரோ அங்கே கும்பிட்டார். ராஜகோபுரத்துக்கு எதிரே வந்து கற்பூரம் ஏற்றியபோது ரெண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. கற்பூரப் புகை என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன்.

வருகிற சித்திரையில், கடலை மூட்டை கட்டிய கையோடு கிளம்புகிறோம். டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டி, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வண்டிக்குச் சொல்லிவிட்டேன். மாத்திரை டப்பாக்கள் ரெண்டும் ஒரே மாதிரி இருப்பதால், ஒன்றில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன். இப்போதும் எங்கள் வீட்டில் எந்தப் பயணத்துக்கும் திட்டம் போடுவது நான்தான், அந்தக் கெத்து குறையவில்லை. ஆனால் யாருக்குத் தெம்பு இருக்கிறது, யாரை விட்டுவிட்டுப் போகலாம் என்று சோதித்துப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன், யார் கூட வந்தால் நாம் எல்லோரும் திரும்பி வந்து சேருவோம் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.