மரமேறிய தேரை

ஐம்பதுகளில் ஓசூரில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். குடகுமலைக் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த என் அண்ணன், பங்குனியில் ஊருக்கு வந்தபோது ஒரு பிஸ்கட் டப்பா கொண்டுவந்தான். மூடியில் ஆணியால் போட்ட துளைகள். உள்ளே ஈரப்பாசியின் மேல் கட்டைவிரல் அளவில் ஒரு பழுப்புத் தேரை.

“இது நம்மூர்ல இல்லாததா?” என்றேன்.

“இது தரையில இருக்காது பாப்பா. மேகம் எறங்கி நிக்குற காட்டுல, மரப்பொந்துல இருக்குது. அங்க இருக்கறவங்களே பாத்ததில்லங்கறாங்க.”

நான் நம்பவில்லை. தேரை மரமேறாது என்று அந்த வாரம்தான் வகுப்பில் சொல்லியிருந்தேன். அண்ணன் அதைக் கதவு நிலையில் விட்டான். விரல்களைப் பரப்பி, அவசரமே இல்லாமல் உச்சிவரை ஏறி உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் பிள்ளைகளுக்குக் காட்டினேன். கரும்பலகைச் சட்டத்தில் அது ஏறியபோது எழுந்த கூச்சலில் தலைமையாசிரியை ஓடிவந்துவிட்டார்.

கிருஷ்ணகிரியில் எனக்குத் தெரிந்த அறிவியல் வாத்தியார் ஒருவர் இருந்தார். பூச்சி, பாம்பு எல்லாம் சேகரிப்பவர். சனிக்கிழமை அவரிடம் காட்ட பஸ் ஏறினேன். டப்பாவில் என்ன என்று பக்கத்து அம்மாள் கேட்டார். சொன்னேன்.

“தேரையா! தூரமா வையம்மா, கும்பிடறேன்.”

கூச்சப்பட்டு, முன்னால் எஞ்சின் ஓரமாகத் தள்ளி வைத்தேன். சூளகிரியில் பஸ் வெகுநேரம் வெயிலில் நின்றது. இறங்கி மோர் குடித்தேன். டப்பாவின் ஞாபகமே வரவில்லை.

வாத்தியார் வீட்டில் மூடியைத் திறந்தேன். பாசி சருகாகியிருந்தது. தேரை வயிறு மேலாகக் கிடந்தது.

வாத்தியார் குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“எதுக்கு வருத்தம் டீச்சரம்மா? உசுரோட வந்திருந்தாலும் மயக்கம் குடுத்து சீசாவுலதான் போட்டிருப்பேன்.”

அதிர்ந்துபோனேன். பார்த்துவிட்டுத் தந்துவிடுவார் என்று நினைத்திருந்தேன். திருப்பி எடுத்துப்போகவும் மனமில்லை, கொடுத்துவிட்டேன். அவர் ஸ்பிரிட் ஊற்றும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் நுழைந்ததும் ஒரு பெண் எழுந்தாள்.

“டீச்சர், தேர மறுபடி காட்டுக்குப் போயிடுச்சுங்களா?”

“செத்துப்போச்சும்மா. நான்தான் சூட்டுல வெச்சுட்டேன்.”

வகுப்பே என்னை வெறித்தது. முன்வரிசையில் ஒருத்தி விசும்பத் தொடங்கினாள்.