மிஞ்சிக் கிடந்த செருப்பு

இந்த வயதிலும் வீட்டைப் பூட்டிவிட்டு நாலடி நடந்ததும் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். பதுளை பஸ்ஸில் ஏறினால் மிதிபலகையில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே வருகிறேன். மருமகள் சிரிக்கிறாள். அவள் என் அப்பாவைப் பார்த்ததில்லை.

அப்பா நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தோட்டத்தில் ஸ்டோர் என்ஜின்காரர். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அவர் ஒரு சுவிட்சைப் போட்டால் கூரையை ஒட்டிய நீண்ட இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து இறங்கும் தோல் பெல்ட்டுகள் கொழுந்து அரைக்கும் நான்கு ரோலர்களையும் ஒரே சமயத்தில் சுற்றத் தொடங்கும். அதனால் சுவிட்சில் கை வைக்குமுன் உள்ளே இருப்பவர்களைத் தலை எண்ணுவார். அவர் முன்பு வேலை செய்த தோட்டத்தில், ரோலரின் அடியில் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரைக் கவனிக்காமல் மெஷினை ஓட விட்டார்களாம். இதை அம்மாதான் ஒருமுறை சொன்னாள். அப்பா சொன்னதில்லை.

வருடத்தில் ஒரே நாள், ஆயுத பூசையன்று, பிள்ளைகள் ஸ்டோருக்குள் போகலாம். கழுவித் துடைத்த ரோலர்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டிருப்பார்கள். மெஷின் சாமியாகிவிட்டதால் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். எனக்கு ஒன்பது வயதான அந்த வருடம் பூசை முடிந்து, அவலும் கடலையும் கைமாறி, பிள்ளைகள் கூட்டம் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஓடிவிட்டது. நான் மட்டும் அப்பாவோடு நின்றுவிட்டேன். மேல்மாடியில் முதல் நாள் கொழுந்து அரைக்கும் பதத்துக்கு வாடிக்கிடந்தது. இன்னும் தாமதித்தால் முறுகிப்போகும் என்று ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் அவசரப்படுத்தினார். மாலைகளைக் கழற்றினார்கள். அப்பா சுவிட்சுக்குப் போகாமல் வாசலுக்குப் போனார்.

அங்கே உள்ளே இருந்தவர்களுடையது போக ஒரு சோடி செருப்பு மிஞ்சிக் கிடந்தது. சின்னக் கால். புதுசு.

அப்பா உள்ளே வந்து, ரோலருக்கு அடியிலும் பெல்ட்டுகளுக்குப் பின்னாலும் தேடச் சொன்னார். மேலிருந்து கொழுந்து விழும் துவாரத்துக்குள் அவரே தலையை விட்டுக் கூப்பிட்டார். பூசைக்குக் கட்டிய வெள்ளை வேட்டியெல்லாம் கிரீஸ். யாரும் இல்லை. இருந்தாலும் சுவிட்சைப் போட மறுத்துவிட்டார். டீமேக்கருக்குக் கோபம் தலைக்கேறியது. கொழுந்து கெட்டால் துரையிடம் என்ன சொல்வது, நாளையிலிருந்து காலையில் ஆளெடுக்கும் பெரட்டில் உன் பேரைக் கூப்பிட மாட்டார்கள் என்றார். வேலை போனால் நாங்கள் குடியிருந்த லயக் காம்பராவும் போய்விடும் என்பது எனக்குக்கூடத் தெரியும். அழுகை வந்தது.

அப்பா தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

"பேர வெட்டுங்க ஐயா. இந்தச் செருப்புக்கு ஆளு யாருன்னு தெரியாம நான் கைய வைக்க மாட்டேங்க."

ரோலரில் வேலை செய்த சித்தப்பா இடையில் புகுந்தார்.

"அண்ணே, செருப்பு கெடந்தா ஆளும் கெடக்கணுமா? நம்ம லயத்துல எவன் செருப்புப் போட்டுப் பழகியிருக்கான்? வெறுங்காலோட வீட்டுக்கு ஓடியிருக்கும்."

அப்படியானால் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அப்பா அவரையே அனுப்பினார். சித்தப்பா முனகிக்கொண்டே இறங்கினார். மூன்று லயங்களிலும் கதவு கதவாகக் கேட்டிருக்கிறார். ஸ்டோரில் அதுவரை எல்லோரும் சும்மா நின்றார்கள். டீமேக்கர் மேலே போய்க் கொழுந்தைக் கையில் அமுக்கிப் பார்ப்பதும் இறங்கி வருவதுமாக இருந்தார். அப்பா மட்டும் சுவிட்சுப் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றார்.

சித்தப்பா திரும்பி வந்தபோது அவர் தோளில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். வாய் நிறையக் கடலை. தீபாவளிக்கென்று பதுளை நானா கடையில் வாங்கிய செருப்பை அன்றுதான் முதல்முதலாகப் போட்டிருந்தாளாம். பழக்கதோஷத்தில் வெறுங்காலோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.

"இந்தாங்க அண்ணே, ஒங்க மெஷினுக்குள்ள கெடந்த ஆளு" என்று சித்தப்பா அவளை இறக்கிவிட்டார். ஸ்டோரே சிரித்தது. டீமேக்கர்கூடச் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பா குனிந்து அந்தச் செருப்பை அவள் காலில் மாட்டினார். வாரைக் கொக்கியில் போட அவரால் முடியவில்லை. அவள் பொறுமையிழந்து தானே மாட்டிக்கொண்டாள். பிறகு அப்பா எல்லோரையும் இன்னொரு தடவை எண்ணிவிட்டுச் சுவிட்சைப் போட்டார். தண்டு சுழன்றது.

கொழுந்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரட்டில் அப்பாவின் பேரையும் யாரும் விடவில்லை. மறு வருடப் பூசைக்கு டீமேக்கரே ஆள் வைத்துச் செருப்புகளைச் சோடி சோடியாக அடுக்கச் செய்தார். ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று சாயங்காலம் லயத்தில் எல்லோர் வாயிலும் அப்பாவின் செருப்புக் கணக்குத்தான். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். கிரீஸ் வேட்டியை அம்மா திட்டித் திட்டித் துவைத்தபோதும் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

எனக்குத்தான் அவமானம் தாங்கவில்லை. சாமி படத்தின் முன்னால் நின்று மனதுக்குள் முறையிட்டேன்: அந்தப் பிள்ளை மெஷினுக்குப் பின்னாலேயே இருந்திருக்கக் கூடாதா, எங்கள் அப்பா சொன்னது சரியாகியிருக்குமே என்று. நான் எதைக் கேட்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.