சிப்பாயின் காற்சட்டை வார்

இத்தாலியில், பலெர்மோவில் நான் எத்தனையோ வீடுகளில் வேலை செய்திருக்கிறேன். பழிவாங்குவதற்கென்றே திரும்பிப் போனது ஒரு வீட்டுக்குத்தான்.

அந்த வீடு பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் இருந்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வக்கீல். எல்லோரும் அவரை அவ்வொகாத்தோ என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய வயதான தாயைப் பராமரிப்பதுதான் என் வேலை. அந்த அம்மாளுக்குக் கால்கள் நடக்காது. ஆனால் மூளை எங்கள் எல்லோரையும்விட வேகமாக ஓடும். வீடும் அவர் பெயரில்தான் இருந்தது. அவரைப் பெரிய சின்யோரா என்றும், அவ்வொகாத்தோவின் மனைவியை வெறுமனே சின்யோரா என்றும் அழைப்பேன்.

அவ்வொகாத்தோவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சண்டைச் சாமான்கள் என்றால் பைத்தியம். வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலுமாரி நிறைய வாள், தொப்பி, பதக்கம், தோட்டாப் பெட்டி. தூசி துடைப்பதும் என் தலையில் விழுந்ததால் அலுமாரிப் பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது. அதற்குள் எனக்குப் பிடித்த சாமான் ஒன்றே ஒன்றுதான்: சாதாரணச் சிப்பாய் ஒருவன் காற்சட்டை வழுகாமல் தோளில் மாட்டிய வார். முரட்டு லினன் துணி, நுனிகளில் தோல், தோலில் பொத்தான் துளைகள். முதுகில் இரண்டு பட்டிகளும் சேரும் இடத்தில் யாரோ கோணல்மாணலாக இழை ஓட்டியிருந்தார்கள். தோள்மூட்டில் வேர்வைக் கறை. வாளும் பதக்கமும் பெரியவர்களுடையவை. இது வெயிலில் நடந்த ஒரு ஏழையினுடையது என்று நினைத்துக்கொண்டுதான் அதைத் துடைப்பேன்.

ஒரு ஞாயிறு மதியம் அவருடைய நண்பர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். அவரைப் போலவே பழஞ்சாமான் பைத்தியங்கள். வாரைக் காட்டுவதற்காக அவர் அலுமாரியிலிருந்து அது இருந்த அட்டைப் பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. நான் பெரிய சின்யோராவின் சூப் கோப்பையோடு நடையில் நின்றேன்.

"அலுமாரித் திறப்பு உன்னட்டைத்தானே இருக்குது?" என்று கேட்டார்.

"ஓம். ஆனால் நான் எடுக்கேல்லை, அவ்வொகாத்தோ."

என் பையை மேசையில் கொட்டினார். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியின் கொப்பி, சாப்பாட்டு டப்பா, குடை. அதைப் பார்த்து ஒரு நண்பர் சிரித்தார். "உள்ளுக்கு மாட்டிக்கொண்டு நிக்கிறானோ தெரியாது!"

அவ்வொகாத்தோ சிரிக்கவில்லை. "சேர்ட்டைத் தூக்கு" என்றார்.

தூக்கினேன். யோசிப்பதற்கு முன்பே கை தானாகத் தூக்கிவிட்டது. மன்னாரில் சண்டைக் காலத்தில் ஒவ்வொரு சோதனைச் சென்றியிலும் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆமிக்காரனுக்கு முன்னால் சேர்ட்டைத் தூக்கித் தூக்கிப் பழகிய கை அது. அந்த நாட்டை விட்டு வந்த பிறகு யாருக்கும் நான் அப்படித் தூக்கியதில்லை. நண்பர்கள் என் வயிற்றைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் தன் தட்டைப் பார்த்தார். சூப்பை அந்த மேசையிலேயே வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.

அல்பெர்கேரியாப் பகுதியில் இருக்கும் எங்கள் அறைக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "இனி அந்தப் பக்கம் போகாதேங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த கிழமை சின்யோரா தொலைபேசியில் கூப்பிட்டார். வார் கிடைத்துவிட்டதாம். ஏதோ அணிவகுப்புக்கு அதே மாதிரி தைப்பிக்க அவ்வொகாத்தோவே தையல்காரரிடம் கொடுத்திருந்தாராம், மறந்துபோனாராம். பெரிய சின்யோரா வேறு யார் கையாலும் சாப்பிடமாட்டேன் என்கிறாராம், திங்கட்கிழமை வரவேண்டுமாம்.

"மன்னிப்புக் கேட்டவையோ?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லை."

"பிறகேன் போறியள்?"

"போய்ப் பாக்கிறன்" என்றேன். அவர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். திங்கட்கிழமை கதவைத் திறந்த அவ்வொகாத்தோ, "ஆ, வந்திட்டியா? சரி, ஒண்டும் நடக்கேல்லை" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகை படிக்கப் போனார்.

எனக்குத்தானே நடந்தது, நடந்ததா இல்லையா என்று இவர் எப்படிச் சொல்வார் என்று கொதித்தபடியே பெரிய சின்யோராவின் அறைக்குப் போனேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"பாவம் உன்ர அம்மா. அவவின்ர ஆத்துமத்துக்கு ஒரு பூசை ஒப்புக்குடுப்பிச்சனான்" என்றார்.

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. நான் ஏன் வரவில்லை என்று பெரிய சின்யோரா கேட்டிருக்கிறார். என் தாய் செத்துப்போனதால் ஊருக்குப் போய்விட்டேன் என்று மகன் சொல்லியிருக்கிறார். என் அம்மா அன்று காலைதான் மன்னாரிலிருந்து வட்ஸ்அப்பில் மீன் விற்கிற விலையைச் சொல்லிப் புலம்பியிருந்தார்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் சொன்னால் அது தாய்க்கும் மகனுக்கும் இடையிலேயே அடங்கிவிடும். எனக்கு அந்த மேசையும் அந்த ஆட்களும் வேண்டும். "நன்றி, சின்யோரா" என்று சொல்லிவிட்டுத் தலையணையைச் சரிசெய்தேன். அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் நான் மிக நல்ல பிள்ளையாக இருந்தேன். அவ்வொகாத்தோவின் கோப்பியைக்கூட அவருக்குப் பிடித்த சூட்டில் கொடுத்தேன். உள்ளே இருந்ததை ஒருவரும் காணவில்லை.

ஞாயிறு அதே நண்பர்கள் வந்தார்கள். வார் திரும்பி வந்ததைக் கொண்டாடும் சாப்பாடு அது. பெட்டி மேசை நடுவில் திறந்தபடி இருந்தது. பெரிய சின்யோராவுக்கு நல்ல சட்டை உடுத்தி, சக்கர நாற்காலியில் மேசைத் தலைப்பில் இருத்தினேன். அந்த நாற்காலியை அங்கே தள்ளியது நான்தான். யாரும் கேட்டுத் தள்ளவில்லை.

அவர் நண்பர்களைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்குத் தாய் செத்துப்போச்சு. ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லுங்கோ" என்றார்.

நான் வாய் திறந்தேன்.

"என்ர அம்மா உயிரோட இருக்கிறா, சின்யோரா. நான் ஊருக்குப் போகேல்லை. இஞ்சை அல்பெர்கேரியாவில என்ர வீட்டிலதான் இருந்தனான். இந்த வாரை நான் களவெடுத்தனான் எண்டு உங்கட மகன் இவையளுக்கு முன்னால என்ர சேர்ட்டைத் தூக்கச் சொன்னவர். இவையளும் பாத்துக்கொண்டிருந்தவை."

பெரிய சின்யோரா மகனைப் பார்த்தார். "உண்மையோ?"

"அம்மா, அது ஒரு பிழையான விளக்கம்..."

"செத்த தாயெண்டு பூசைக்குக் குடுத்தனே, அதுவும் பிழையான விளக்கமோ?" பெரிய சின்யோரா என் பக்கம் திரும்பினார். "குசினிக் கத்திரிக்கோலைக் கொண்டு வா."

கொண்டுவந்தேன். அவர் வாரைத் தன் மடியில் எடுத்து வெட்டப் பார்த்தார். விரல்களில் பலமில்லை, துணி வெட்டுப்படவில்லை. இரண்டையும் என்னிடம் நீட்டினார். "நீ வெட்டு. என்ர வீட்டில இது இருக்கக்கூடாது."

அவ்வொகாத்தோ எழும்பிவிட்டார். "தயவுசெய்து வெட்டாதேங்கோ" என்றார். இத்தாலியனிலும் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னை நீ என்றுதான் கதைத்திருந்தார். முதல் தடவையாக நீங்கள் என்றார்.

"என்ன சொன்னீங்கள், அவ்வொகாத்தோ?" என்று கேட்டேன். எனக்குக் கேட்டதுதான். இன்னொரு தடவை சொல்லவைக்க விரும்பினேன்.

"தயவுசெய்து வெட்டாதேங்கோ" என்று திரும்பவும் சொன்னார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

வேர்வைக் கறை என் விரலுக்குக் கீழே இருந்தது. அந்தச் சிப்பாய் எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று தெரியும். இருந்தும், இழை ஓட்டிய அந்த முதுகு மூட்டில் கத்திரிக்கோலை வைத்து அழுத்தினேன். காய்ந்த துணி நறுக்கென்று வெட்டுப்பட்டது. இரண்டு துண்டுகளையும் பெட்டிக்குள் போட்டு, மூடி, அவ்வொகாத்தோவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மனதுக்குள் எவ்வளவு குளிர்ந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

நண்பர்கள் கோப்பி குடிக்காமலே கிளம்பினார்கள். பெரிய சின்யோரா, "இப்ப எனக்குச் சாப்பாட்டைத் தா, பசிக்குது" என்றார். ஊட்டினேன்.

அவர் கண்மூடும்வரை அந்த வீட்டில்தான் வேலை செய்தேன். மகனால் என்னை நிறுத்த முடியவில்லை, என்னோடு கதைக்கவும் முடியவில்லை. ஏதாவது சொல்வதென்றால் சின்யோரா மூலம் சொல்லியனுப்புவார். தாயின் அடக்கப் பூசை முடிந்து கோவில் வாசலில் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தவர், என்னிடம் வந்ததும் கையை இழுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார். நானும் கையை நீட்டியிருக்கவில்லை.

இப்போது பலெர்மோவிலேயே சீசா என்கிற பகுதியில் வேறொரு வீட்டில் வேலை. போன தவக்காலத்தில் மனைவி நச்சரித்து, பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பினாள். எங்கள் தமிழ்ச் சுவாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"செய்த பாவங்களுக்கு மனம் வருந்தி மனஸ்தாபப்படுறீரோ?" என்று கேட்டார்.

"பொய் பேசினதுக்குப் படுறன், சுவாமி. கோபத்தில மனுசியோட கத்தினதுக்கும் படுறன். வெட்டினதுக்குப் படேல்லை."

"இன்னும் கொஞ்சம் செபம் பண்ணிப்போட்டு வாருமன்" என்று சொல்லி, பாவமன்னிப்புத் தராமலே சுவாமி அனுப்பிவிட்டார்.

வெளியே வாங்கில் இருந்த மனைவி, "முடிஞ்சுதோ?" என்று கேட்டாள். பஸ் வருகிறது, ஓடு என்றேன்.