பிளாஸ்டிக் உறை பிரிக்காத வண்டி

சென்னையைத் தாண்டிப் புதுச்சேரி போகிற சாலையில், கடல் கண்ணில் பட்டதும் என் மகள் நித்யா கத்துகிறாள். "அப்பா, ரோக்கோ, ரோக்கோ!" தில்லி ஜனக்புரியில் பிறந்து வளர்ந்தவள். கடலை இதுவரை டிவியில்தான் பார்த்திருக்கிறாள்.

வண்டி நிற்கிறது. வாங்கி ஒரு வருஷமாகியும், எங்கள் காலனியில் எல்லோரையும் போல என் கணவரும் ஸீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. மே மாத வெயிலில் அதன்மேல் வெந்துகொண்டேதான் தில்லியிலிருந்து வந்திருக்கிறோம். எழுந்தால் தோல் பிய்ந்து வருகிறது.

"காலை மட்டும் நனைச்சுக்கோங்கோ. உப்புத் தண்ணி பட்டா ஸீட்டு பாழாயிடும்" என்கிறார்.

நித்யா என் முகத்தைப் பார்க்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சல்வாரோடு கடலில் இறங்குகிறேன். ஓர் அலை இரண்டு பேரையும் புரட்டிப் போடுகிறது. எழுந்து, மறுபடியும் போகிறோம்.

கரையேறும்போது சுண்டல் விற்கிற அம்மாள் பதறுகிறாள். "துணி மாத்த இங்க மறைவே இல்லியேம்மா, என்ன பண்ணப் போறே?"

"மாத்தப் போறதில்லை. இப்படியே வண்டியில ஏறி உக்காரப் போறேன்."

அவள் கார்க் கதவை மறித்துக்கொண்டு நிற்கும் என் கணவரைப் பார்க்கிறாள். "வுடுவாரா?"

"கொஞ்சம் நகருங்கோ" என்கிறேன் அவரிடம்.

நகர்கிறார். சொட்டச் சொட்ட உட்காருகிறேன், நித்யாவும் பக்கத்தில். தில்லியிலிருந்து எங்களைச் சுட்டுக்கொண்டு வந்த பிளாஸ்டிக், இன்றைக்காவது தன் வேலையைச் செய்யட்டும்.