மாவீரன் செண்பகமுத்துவின் புருவம்

சுந்தரபாண்டியபுரத்தில் வள்ளித்தாயைப் பற்றி விசாரித்தால் ஒருவரும் நல்ல வார்த்தை சொல்லமாட்டார்கள். அவளும் அதை எதிர்பார்க்கிறவள் இல்லை. அறுபதை நெருங்கும் வயதில், கையில் ஒரு கருவேலங்கம்போடு சூரியகாந்தித் தோட்டத்து வரப்பில் நிற்பாள். குற்றாலத்தில் தண்ணீர் அதிகமாகி அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டால் அத்தனை கூட்டமும் கார் காராக இங்கே திரும்பிவிடும். பூவோடு படம் எடுக்கிறேன் என்று செடிக்குள் இறங்கி விளைச்சலை மிதித்துத் துவைத்துவிட்டுப் போகும். "ஏட்டி, ஒங்க வீட்டு அடுப்படிக்குள்ள நான் செருப்போட வந்து போட்டா எடுக்கட்டா?" என்று கேட்பாள். முதலில் சிரிப்பார்கள். கம்பு உயர்ந்ததும் ஓடுவார்கள்.

மனிதர்கள் மேல் அவளுக்கு இருந்த வெறுப்பு சும்மா வந்தது இல்லை. அதில் பெரும்பங்கு அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி சம்பாதித்துக் கொடுத்தது.

சங்கிலிப்பாண்டி பார்வைக்கு ராஜா மாதிரி இருப்பான். நல்ல உயரம், அகன்ற நெஞ்சு, முறுக்கிவிட்ட மீசை. வீட்டுக்குள் வந்தால் வெறும் குடிகாரன். வள்ளித்தாயை அடிக்க அவனுக்குக் காரணம் வேண்டியதில்லை. குழம்பில் உப்பு கூடினாலும் அடிப்பான், குறைந்தாலும் அடிப்பான், சரியாக இருந்தால் யாருக்காக இவ்வளவு ருசியாக வைத்தாய் என்று கேட்டு அடிப்பான். அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுத்துக்கொண்டதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்பத் தோன்றும்.

ஒரு நாள் மட்டும் பொறுக்கவில்லை. மகன் சுபாஷ் அப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்தவனைப் பீடி வாங்கிவர அனுப்பியிருந்தான் சங்கிலிப்பாண்டி. பையன் வேறு பீடியை வாங்கிவந்துவிட்டான். செவிட்டில் விழுந்தது அறை. சுருண்டு விழுந்தவனை மிதிக்கக் காலைத் தூக்கினான். தண்ணீர்ப் பானைமேல் இருந்த பித்தளைச் செம்பு வள்ளித்தாயின் கைக்கு வந்தது. எறிந்தாள். சங்கிலிப்பாண்டியின் இடது புருவம் பிளந்து முகமெல்லாம் ரத்தம். தென்காசி ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். மாடு முட்டிவிட்டது என்று அவனே சொல்லிக்கொண்டான். பெண்டாட்டி அடித்தாள் என்று எந்த மீசைக்காரன் சொல்லுவான்? அதற்குப் பிறகும் அவளை அடித்தான். பையனைத் தொடவில்லை. ஆனாலும் சுபாஷுக்கு இடது காது போனது போனதுதான். செம்பின் விளிம்பு நசுங்கியிருந்தது. அதை அவள் தட்டிச் சரிசெய்யக் கொடுக்கவே இல்லை.

தையல் பிரித்த கொஞ்ச நாளில் ஊருக்குள் சினிமாக்காரர்கள் வந்தார்கள். இந்த ஊருக்கு அவர்கள் வருவது புதிது இல்லை. பூ பூத்தால் கேமராவும் வந்துவிடும். அந்த முறை வள்ளித்தாயின் தோட்டத்தைக் கேட்டார்கள். கல்யாணத்தின்போது அவள் அப்பா மகள் பெயருக்கே எழுதிக்கொடுத்த மஞ்சக்காணி நிலம் அது. கதாநாயகனின் பூட்டன் வெள்ளைக்காரனோடு சண்டைபோட்டுச் செத்தான் என்று கதை. அவனுக்கு ஒரு நடுகல் வேண்டும். செட்டுப் போடுகிற ஆட்கள் கம்பி கட்டி, கோழிவலை சுற்றி, சிமெண்டு பூசி ஆள் உயரத்துக்கு ஒரு கல்லைச் செய்தார்கள். முகத்துக்கு ஆள் தேடியபோது கண்ணில் பட்டவன் சங்கிலிப்பாண்டி. ஒரு பாட்டிலைக் காட்டியதும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தான். செய்தவன் கெட்டிக்காரன். மீசையின் முறுக்கு, மூக்கின் வளைவு, புருவத்தில் புதிதாகக் காய்ந்திருந்த வெட்டு எல்லாம் அப்படியே வந்துவிட்டது. மேலே சாயத்தைத் தெளித்துப் பழங்கல்லாக்கினார்கள். ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. கடைசி நாள் வழக்கம்போலப் பூசணிக்காய் உடைத்துவிட்டு, கல்லை அப்படியே விட்டுவிட்டு லாரி ஏறிப் போனார்கள். படம் பெட்டிக்குள்ளேயே முடங்கிப்போனது.

அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசியவள் வள்ளித்தாய்தான். கூட்டத்தை விரட்டக் கம்பு மட்டும் போதவில்லை. ஒரு நாள் காலையில் மஞ்சளை அரைத்துக் கல்லில் தேய்த்தாள், குங்குமத்தை அப்பினாள், இடுப்பில் ஒரு சிவப்புத் துணியைச் சுற்றினாள். அன்றிலிருந்து செருப்புக் காலோடு ஒருவரும் உள்ளே இறங்கவில்லை. அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. சங்கிலிப்பாண்டிக்கு அதைவிடச் சிரிப்பு. "ஏட்டி, என்னையவே கும்பிடுதாங்கட்டி" என்று கல்லுக்குப் பக்கத்தில் நின்று மீசையைத் தடவுவான். பிறகு யாரோ ஒருத்தி வந்து மணி கட்டினாள். யாரோ ஒருத்தன் நேர்ந்துகொண்டு கிடா வெட்டினான். சங்கிலிப்பாண்டி ஈரல் கெட்டுச் செத்தான். வள்ளித்தாய் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதன்பிறகு அந்தக் கல்லைப் பார்த்துச் சிரிக்கவும் ஊரில் ஆள் இல்லாமல் போனது.

சாதிச் சங்கத் தலைவர் ஆவுடையப்பனுக்கு ஒரு மனக்குறை இருந்தது. சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு வீரன் இருந்தான். அவனுக்கு ஒரு சிலை, ஒரு பிறந்தநாள், மாலை போட வரும் மந்திரி, காவலுக்கு நிற்கும் போலீஸ் வேன். இவர் சங்கத்துக்கு இருந்தது வாட்ஸ்அப் குரூப் மட்டும். தேர்தலுக்குள் ஒரு முன்னோரைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்று அலைந்தவரை இந்தத் தோட்டத்துக்குக் கூட்டிவந்தவன் வேறு யாரும் இல்லை, தென்காசியில் பிளக்ஸ் கடை நடத்தும் சுபாஷ்தான். மாவீரன் செண்பகமுத்து என்று பெயர் வைத்தவனும் அவன்தான். பின்னால் குற்றால அருவி கொட்ட, வாளோடு நிற்கும் செண்பகமுத்துவை அவனே கம்ப்யூட்டரில் செய்து பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நிறுத்தினான். மருந்து வாங்கத் தென்காசிக்குப் போன வள்ளித்தாய் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பார்த்தது, மாடி உயரத்துக்கு நின்ற சங்கிலிப்பாண்டியின் முகத்தைத்தான். செத்தும் சனியன் விடவில்லையே என்று வாய்விட்டே சொன்னாள்.

ஊரில் நடுத்தர வயதைத் தாண்டிய அத்தனை பேரும் அந்தச் சிமெண்டு பூசியதைக் கண்ணால் பார்த்தவர்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தெரியாமல் நம்பியிருந்தால் மடையர்கள் என்று விட்டுவிடலாம். இவர்கள் தெரிந்தே நம்பினார்கள். வீரன் இல்லாத ஊராக இருப்பதைவிட அது அவர்களுக்குச் சவுகரியமாக இருந்தது.

மணிமண்டபம் கட்ட நிலத்தைத் தானமாக எழுதிக் கேட்டு ஆவுடையப்பன் வீட்டுக்கே வந்தார்.

"மதினி, ஒங்க குடும்பத்துக்கே பெருமைலா. சுபாஷுக்கு மாவட்டப் பொறுப்பு குடுக்கப்போறோம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"அந்தக் கல்லு யாருன்னு ஒமக்குத் தெரியாதாவே?"

"தெரியாம என்ன மதினி? வரலாறுன்னா அப்படித்தான். நாலு பேரு கும்பிட்டுட்டா பொறவு அதுதான் உண்மை."

"அப்பம் நீரே போயி அங்கன நில்லும். நானே மஞ்சத் தேச்சு விடுதேன்."

அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். அந்த வாரத்திலிருந்து வள்ளித்தாய்க்கு ஊரில் ஒரு வேலையும் நடக்கவில்லை. உழவுக்கு டிராக்டர் கேட்டால் ரிப்பேர் என்றார்கள். பூ அறுக்கக் கூப்பிட்டால் பெண்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்தது. மோட்டார் வயரை எவனோ வெட்டிவிட்டிருந்தான். சொந்த மகன் தெருவில் எதிரே வந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டான், அதுவும் கேட்காத காதில்.

கடைசியில் அவனே வந்தான். கையில் வழவழப்பான அட்டையோடு ஒரு புத்தகம்.

"நான் எழுதுனது. ஞாயித்துக்கெழம குற்றாலத்துல வெளியீட்டு விழா. நீதாம்மா மொதப் பிரதி வாங்கணும். மறுநா பத்திரம் பதியணும். அத்தோட இந்தத் தொந்தரவு எல்லாம் நின்னுரும்" என்று சொல்லிக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனான்.

வள்ளித்தாய் எட்டாவது வரை படித்தவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மகன் எழுதிய புத்தகம் என்று ஒரு மூலையில் ஆசையும் இருந்தது, அதை மறைப்பானேன். நடுவில் ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: "குற்றால மலையில் வெள்ளையரின் மாளிகையைத் தாக்கியபோது ஒரு தளபதியின் வாள் மாவீரரின் இடது புருவத்தைக் கிழித்தது. அந்த விழுப்புண்ணை இன்றும் நடுகல்லில் காணலாம்."

திரும்ப வாசித்தாள். நிலத்தைப் பிடுங்கப் பார்ப்பது, அந்த முகத்தை ஊரே விழுந்து கும்பிடுவது, இதையெல்லாம்கூட அவள் எப்படியோ விழுங்கியிருப்பாள். அந்தக் காயம் அவளுடையது. இத்தனை வயதில் அவள் துணிந்து செய்த காரியம் என்று ஒன்று உண்டானால் அது அதுதான். அதைச் செய்தது இவனுக்காக. தரையில் கிடந்து அதைக் கண்ணால் பார்த்தவனே இன்றைக்கு எடுத்து எவனோ ஒரு வெள்ளைக்காரனுக்குக் கொடுத்துவிட்டானே என்று அவள் பெற்ற வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மண்டபம் நிறைய வெள்ளை வேட்டிகள். வள்ளித்தாய் ஒரு மஞ்சள் பையோடு மேடையேறினாள். ஆவுடையப்பன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி முதல் பிரதியைக் கொடுத்தார். வாங்கியவள் மைக் முன்னால் போய் நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. அந்தக் கல்லுல இருக்கது எம் புருசன் சங்கிலிப்பாண்டி. புருவத்துல கெடக்க வெட்டு வெள்ளக்காரன் வெட்டுனது இல்ல." பையிலிருந்து செம்பை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். "இந்தச் செம்ப வச்சு நான் எறிஞ்சது. எதுக்கு எறிஞ்சேன்னு இந்தா நிக்கானே, புஸ்தகம் எழுதுனவன், அவங்கிட்ட கேளுங்க."

பின்வரிசையில் எவனோ களுக்கென்று சிரித்தான். ஆவுடையப்பன் அரசியலில் பழம் தின்று கொட்டை போட்டவர். மைக்கை வாங்கிக்கொண்டார்.

"பார்த்தீர்களா உறவுகளே! மாவீரன் வம்சத்தில் வாழ்க்கைப்பட்ட வீரத்தாயின் ரத்தம் எப்படிக் கொதிக்கிறது! இந்தச் செம்பும் இனி நம் வரலாறு!"

விசில் பறந்தது. தன் கழுத்து மாலையைக் கழற்றிச் செம்புக்குப் போட்டார். வள்ளித்தாய் அதைப் பிய்த்து எறிந்தாள். அதற்கும் கை தட்டினார்கள். தட்டாமல் நின்றவன் சுபாஷ் ஒருவன்தான். தலையைக் குனிந்து இடது காதைப் பொத்திக்கொண்டு நின்றான்.

பஸ்ஸுக்காக அவள் நின்ற இடத்துக்குப் பின்னாலேயே வந்தான்.

"மானத்த வாங்கிட்டியே யம்மா."

"ஒனக்கு அது இருக்காலே?"

"அந்தச் செம்பக் குடு. மணிமண்டபத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கணுமாம்."

"நெலத்தையும் தாரேன், செம்பையும் தாரேன். அந்த வரிய மாத்து. செம்புன்னு எழுது. எறிஞ்சது வள்ளித்தாய்னு எழுது. எதுக்குன்னும் எழுது."

சுபாஷ் முகத்திலிருந்த சாரலைத் துடைத்தான். "எழுதுனா எங்கப்பன் யாருன்னு ஊரு கேக்கும்லா? குடிகாரன் மகன்னு சொல்லிச் சொல்லித்தான் என்னைய வளத்தாங்க. இப்பந்தான் நான் அந்த மூஞ்சிய நிமுந்து பாக்கேன்."

"அந்த மூஞ்சிக்குக் கீழ நீ கெடந்தது மறந்துபோச்சாலே?"

"மறக்கணும்னுதாம்மா எழுதுதேன்."

ஒரு நொடி அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"அப்பன மறந்துக்கோ. என்னைய எதுக்குலே சேத்து மறக்கே?"

பஸ் வந்துவிட்டது. அவள் ஏறிவிட்டாள்.

மறுநாள் பத்திர ஆபீஸுக்கு அவள் போகவில்லை. அந்த வருஷத்துப் பூ அறுக்க ஆள் இல்லாமல் செடியிலேயே காய்ந்து கிளிக்கு இரையானது. அடுத்த பட்டத்துக்கு வாசுதேவநல்லூர்ப் பக்கமிருந்து ஆள் கூட்டிவந்து விதைத்தாள். கல்லும் அதன் பாட்டுக்கு நின்றது, மஞ்சள் பூச ஊரில் ஆள் இருந்தது. சுபாஷ் வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

மறுபடியும் பூ பூத்த சமயத்தில் புத்தகம் இரண்டாம் பதிப்பு வந்தது. ஒரு பிரதியை யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தான். வள்ளித்தாய் நேரே அந்தப் பக்கத்தைத்தான் புரட்டினாள். வெள்ளைக்காரத் தளபதியைக் காணவில்லை. கீழே வாசித்தாள்: "மாவீரரின் இடது புருவத்திலுள்ள தழும்பு யாரால் ஏற்பட்டது என்பது தெரியவில்லை."

புருஷன் செத்தபோது வராத அழுகை அப்போது வந்தது. அடித்த அடியெல்லாம் சேர்த்துவைத்து அழுதாள். தெரியவில்லையாம். அவனுக்குத் தெரியவில்லையாம். முகத்தைக்கூடக் கழுவாமல் செம்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தாள்.

நல்ல வெளிச்சம். அருவியில் தடை போலிருக்கிறது, தோட்டம் முழுக்கக் கூட்டம். கேரளத்துக்காரி ஒருத்தி செருப்பைக் கையில் பிடித்தபடி செண்பகமுத்துவின் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடன் வந்தவன் அதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"தள்ளி நில்லுங்க" என்றாள் வள்ளித்தாய்.

கைக்கு வயதாகியிருந்தாலும் குறி தப்பவில்லை. செம்பு அதே புருவத்தில் போய் விழுந்தது. சிமெண்டு பொத்தென்று பெயர்ந்தது. உள்ளே துருப்பிடித்த கோழிவலை தெரிந்தது. யாரோ வீலென்று கத்தினார்கள். வரப்பில் நின்ற ஊர்க்காரர்கள் ஓடிவந்தார்கள். வள்ளித்தாய் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து செம்பை எடுத்துக்கொண்டு, இன்னும் ஓடிக்கொண்டிருந்த அந்தப் போனுக்கு நேரே வந்து நின்றாள்.

"எடுத்தியா? எல்லாருக்கும் அனுப்பு. தென்காசியில பிளக்ஸ் கடை வச்சிருக்க சுபாஷுன்னு ஒருத்தன், அவனுக்கு மொதல்ல அனுப்பு. யாரு எறிஞ்சான்னு தெரியலையாம் அவனுக்கு. எம்பேரு வள்ளித்தாய்."