மிட்வைஃப் என்றால் நடு சம்சாரம் இல்லை

போன வருடம் ஆடி மாதம், அரியலூரில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் நடந்தது இது. அரசு வேலைக்குத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு நான் அங்கே ஆங்கிலம் நடத்துகிறேன். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில், சிமென்ட் லாரிகளின் புழுதியைத் தின்றுகொண்டே வருவேன். நான் ஆங்கிலத்தை நடத்துகிறேனா, ஆங்கிலம் என்னை நடத்துகிறதா என்பது என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

அன்றைக்குப் பாடம், சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் 'மிட்'. மிட் என்றால் நடு. மிட்டே நடுப்பகல், மிட்நைட் நடு இரவு, மிட்வே நடுவழி என்று பலகையில் எழுதிக்கொண்டே வந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். பட்டியலில் அடுத்து மிட்வைஃப். பிரசவம் பார்க்கிற நர்ஸ் என்று தெரியும். அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று தெரியாது. தெரியாத இடத்தில் ஜோக் அடித்துத் தப்பிப்பது என் நெடுநாள் வழக்கம். "வைஃப்னா சம்சாரம். மிட்வைஃப்னா நடு சம்சாரம். மூத்தவளுக்கும் இளையவளுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டவ" என்றேன். வகுப்பு விழித்துக்கொண்டு சிரித்தது.

மூன்றாவது பெஞ்சில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மீன்சுருட்டிப் பக்கத்துப் பெண். தனியார் மருத்துவமனை ஒன்றில் பிரசவ வார்டு நர்ஸ். "சார், என் சர்டிபிகேட்ல அந்த வார்த்தைதான் இருக்கு" என்றார். சிரிப்பு இரண்டு மடங்கானது. நான் அடக்கியிருக்க வேண்டும். "அப்ப மூத்தவங்கள கேட்டதா சொல்லுங்க" என்றேன். இன்றும் அதை நினைத்தால் என் மேல் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

நான்கு நாள் கழித்து, வகுப்பு தொடங்கும் முன்பே அந்த நர்ஸ் வந்து வாசலில் நின்றார். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"நேத்து ஜெயங்கொண்டம் பஸ்ல ஏறுறேன் சார். நம்ம கிளாஸ் ஆளு ஒருத்தன் பின்னாடி உக்காந்துகிட்டு, 'நடு சம்சாரம் ஏறியாச்சு, ரைட் போலாம்'ங்கிறான். கண்டக்டர்லேந்து எல்லாரும் சிரிக்கிறாங்க. எங்க ஊர்க்காரங்க நாலு பேரு அதுல இருந்தாங்க. நான் வூட்டுக்குப் போறதுக்குள்ள சேதி போயிடுச்சு. கிளாஸுக்குப் போனது போதும்னுட்டார் எங்க வூட்டுக்காரர். பரிட்சைக்கு ரெண்டு மாசம்தான் கெடக்கு."

"எவன் அவன்? சொல்லுங்க, தொலைச்சுப்புடுறேன்" என்று எகிறினேன்.

"அவன் என்ன பண்ணுவான், நீங்க சொல்லிக் குடுத்தத ஒப்பிச்சான். நீங்க நடத்துனதுல அவன் மனப்பாடம் பண்ணுனது அது ஒண்ணுதான்." குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "நீங்க பொறந்தப்ப உங்கம்மா பக்கத்துல ஒருத்தி கூடவே நின்னுருப்பா. அவ யாருக்கு சார் நடு சம்சாரம்?"

பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போய்விட்டார்.

அன்று முழுக்க எனக்குக் கோபம். பஸ்ஸில் கத்தினவன் மேல், சிரித்த கண்டக்டர் மேல், யாரோ சொன்ன ஒரு வார்த்தைக்காக மனைவியின் படிப்பை நிறுத்துகிற அந்த மனிதர் மேல். எல்லோரையும் மனதுக்குள் பெஞ்ச் மேல் ஏற்றி நிறுத்தினேன். கடைசியில் ஏறாமல் மிச்சம் நின்ற ஆள் நான்தான். அந்த எரிச்சலோடு வீட்டுக்குப் போய்ப் பெரிய அகராதியைத் தூசி தட்டினேன். அந்தச் சொல்லில் மிட் என்பது நடு இல்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்குக் 'கூட' என்று பொருளாம். வைஃப் என்றால் அன்றைக்கு வெறுமனே பெண். பிள்ளை பெறுகிற பெண்ணுக்குக் கூட இருப்பவள். அகராதியைத் தொடாமலே அந்தப் பெண் அதைத்தான் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மறுநாள் வகுப்பில் திருத்திச் சொன்னேன். ஜோக்குக்கு விழித்த கூட்டம் திருத்தத்துக்குத் தூங்கிவிட்டது. மாலையில் நானே அந்த ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, தப்பாகச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான்தான் என்று ஆரம்பித்து, முழுப் பாடத்தையும் நடத்தினேன். "எல்லாஞ் சரி சார், டிக்கெட் எங்க?" என்றார் கண்டக்டர்.

ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி, விசாரித்து, அந்த நர்ஸின் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் வாசலில் மோட்டார் ஸ்டார்ட்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார், தலையை நிமிர்த்தாமலே.

"ஒரு வார்த்தைய என்னான்னு பாக்காமலேவா சார் சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமாங்க."

"இந்த வயர்ல கரெண்டு இருக்கா இல்லையான்னு பாக்காம நான் கைய வச்சா என்னாவும்?"

அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "நாளைக்குக் கிளாஸுக்குப் போ. வார்த்தைய சரியா சொல்றாரான்னு பக்கத்துலேயே உக்காந்து பாத்துக்க."

அந்த நர்ஸும் அப்படியே செய்தார். தேர்வு முடியும் வரை முதல் பெஞ்ச், கையில் செல்போன் அகராதி. என் ஜோக் எதற்கும் சிரிக்கவில்லை. இப்போது அந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்கிறார்கள். ஆனாலும் ஒரு ஜோக் நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம் அந்த பெஞ்சை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன், அந்த வார்த்தை யாருடைய சர்டிபிகேட்டில் இருக்கிறதோ என்று.